குஞ்சை யார் பார்க்கிறார்கள்? சின்னத் தொட்டிக்கு நாட்டு மீன் எடுக்கும் முறை

வீட்டில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் நம்ம ஊர் மீனையே விட்டுக் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. எந்த மீனை எடுப்பது? பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மீன் தன் முட்டையை என்ன செய்கிறது என்று பாருங்கள். இட்ட முட்டையைத் தாயோ தகப்பனோ கூடவே நின்று காக்கிறதா, செடியில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறதா, இல்லை ஓடுகிற போக்கில் சிதறிவிட்டு அடுத்த நிமிஷமே தானே பொறுக்கித் தின்கிறதா? இது தெரிந்துவிட்டால் எத்தனை மீன், என்ன செடி, தனித் தொட்டி வேண்டுமா வேண்டாமா, குஞ்சுக்கு என்ன தீனி என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே முடிவாகிவிடும்.

அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம திருநெல்வேலி ஆறான தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயல் பக்கம் கடலில் சேர்கிற வரை 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இந்தத் தூரத்துக்குள்ளேயே பாறையில் அடித்துக்கொண்டு விழுகிற மலை ஓடை இருக்கிறது, ஆழமான கசம் இருக்கிறது, எட்டு அணைக்கட்டிலிருந்து பிரிகிற கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் மாதிரி வாய்க்கால்கள் இருக்கின்றன, அவற்றின் முடிவில் குளமும் வயலும், கடைசியில் முகத்துவாரத்து உப்புத் தண்ணீரும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மீன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி முழுக்க நிரப்பினால் 56 லிட்டர், மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் நிற்கும். அசையாத, சீக்கிரம் சூடாகிற, ஆழமில்லாத தண்ணீர். இந்த வரிசையில் அதற்குப் பக்கமாக வருவது வயல் வரப்போரத் தண்ணீரும் வாய்க்காலின் புல் மூடிய ஓரமும்தான். அதனால் அங்கே வாழ்கிற மீனைத்தான் தேட வேண்டும், அருவியடியில் வாழ்கிறதை அல்ல.

இதைச் சொன்னால் சிலருக்கு மனசு ஒப்பாது. குற்றாலத்துச் சிற்றாற்றிலோ பாபநாசத்துப் படித்துறையிலோ நின்று குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தெரிகிற மீன்கள்தான் அழகு. நீலமும் மஞ்சளும் கலந்து கூட்டமாக வெட்டி வெட்டி ஓடும் டேவேரியோ, பாறையை உதட்டால் கவ்வி எதிர்நீச்சல் போடும் காரா, முதுகுத் துடுப்பில் நூல் நூலாக முள் நீண்ட ஆண் கெண்டைகள். ஆனால் இவை ஓடுகிற, குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியவை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சித்திரை மாதத்தில் நம்ம வீட்டுத் தொட்டி சர்வசாதாரணமாக 31, 32 டிகிரி போகும். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனால் ஓடை மீன் ஒரு மத்தியானத்தைத் தாண்டுவதே கஷ்டம். உயிரோடு இருந்தாலும் அந்த இடத்தில் முட்டையிடாது.

அந்த நூல் துடுப்புக் கெண்டைகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாகின்சியா தாம்பரபர்ணியே என்பது அதன் அறிவியல் பெயர், ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1950-களில் மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ் விவரித்த மீன். இது தாமிரபரணிக்கே உரியது. முழுசாக வளர்ந்தால் ஐந்து அங்குலம் தொடும், கூட்டமாகத்தான் வாழும், நாலடித் தொட்டியே அதற்குச் சிறிசு. இந்த ஆற்றில் இல்லாமல் போனால் போனதுதான். ஆசைப்பட்டுப் பிடிக்காதீர்கள், யாராவது பிடித்து விற்றாலும் வாங்காதீர்கள். அதோடு, பாபநாசத்துக்கு மேலே காரையார், சேர்வலாறு, மாஞ்சோலைப் பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே கொசுவலை அளவு வலையைக்கூட தண்ணீரில் போடக் கூடாது, சட்டப்படி குற்றம்.

சரி, எதை எடுக்கலாம்?

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மீன் ஸ்பைக்டெயில் பாரடைஸ். அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். 1831-இல் புதுச்சேரிப் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து இதை விவரித்தார்கள், ஆனால் தென்னிந்தியாவின் வயல், ஓடை, சாக்கடையோரம் எங்கும் இருக்கிற மீன்தான். இரண்டு அங்குலம், மிஞ்சிப் போனால் அதற்குக் கொஞ்சம் மேல். மண் நிறத்து உடம்பு, வாலின் நடுமுள் மட்டும் கூராக வெளியே நீண்டிருக்கும், துடுப்போரத்தில் சிவப்பும் நீலமும் கலந்த பொட்டுகள். வாளியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். செடி நிறைந்த, கொஞ்சம் நிழலான தொட்டியில் ஒரு வாரம் விட்டுவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் நிறம் எடுக்கும்.

இது ஏன் முதல் தேர்வு? முதல் காரணம், இதற்கு செவுளோடு சேர்த்து காற்றைச் சுவாசிக்கிற உறுப்பு ஒன்று தலைக்குள் இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு போகும். வெயில் காலத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும், மின்வெட்டில் மோட்டார் நின்றாலும் தாக்குப்பிடிக்கும். அடுத்த காரணம்தான் முக்கியம், தகப்பன் குஞ்சைப் பார்த்துக்கொள்ளும்.

முட்டையிடும் நாளை நீங்களே கண்டுபிடிக்கலாம். பெண் மீனின் உடம்பு கறுத்துக்கொண்டே வந்து கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகிவிடும். நிறத்தைக் கூட்டி அழகு காட்டுவது ஆண் என்றுதான் நாம் நினைத்திருப்போம், இங்கே கறுத்து நிற்பது பெண். அதற்கு முன்னாலேயே ஆண் மீன் ஒரு அகல இலையின் அடியிலோ, சாய்த்து வைத்த சிரட்டைக்குள்ளேயோ இடம் பிடித்திருக்கும். மேலே போய்க் காற்றை வாங்கி, வாய்க்குள் எச்சில் மாதிரியான பசையோடு சேர்த்து, சின்னச் சின்னக் குமிழாகக் கொண்டுவந்து இலையடியில் ஒட்டும். நுரைக்கூடு என்பது இதுதான். பெண் கூட்டுக்கு அடியில் வந்ததும் ஆண் அதன் உடம்பைச் சுற்றி வளைந்து பிடிக்கும், சில நொடிகள் இரண்டும் அசையாமல் நிற்கும், அப்புறம் கொஞ்சம் முட்டை வெளிவந்து மெல்லக் கீழே இறங்கும். விழுகிற முட்டையை வாயால் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டுக்குள் துப்பிவிட்டு மறுபடி வரும். இப்படியே பல தடவை நடக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும், ஆனால் பொரிந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது, கூட்டிலிருந்து வால் தொங்கிக்கொண்டு கிடக்கும். நழுவி விழுகிறதைத் தகப்பன் பொறுக்கிப் பொறுக்கி மறுபடி ஏற்றி வைக்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு நேராக நீந்த ஆரம்பிக்கும். அதோடு தகப்பன் வேலை முடிந்தது, அதை எடுத்து வேறு தொட்டியில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கூடு கட்டுகிற அவசரத்தில் நீந்துகிற குஞ்சை இரையாகப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஒரு ஆண், ஒரு பெண், செடி அடர்ந்த தொட்டி, மெதுவாக ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர், இவ்வளவு போதும். பெரிய பவர் ஃபில்டர் போட்டால் தண்ணீர் மேல்மட்டம் அலைந்து கூடு கலைந்துவிடும். காய்ந்த நாட்டுப் பாதாம் இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போடுங்கள், தண்ணீர் டீ நிறமாகும், மீனுக்கு அதில் ஒளிய இடமும் கிடைக்கும். மூடி அவசியம். குஞ்சுகள் காற்றைச் சுவாசிக்கப் பழகும் வாரங்களில் தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று சூடும் ஈரமுமாக இருப்பது நல்லது.

அடுத்தது முண்டக்கண்ணி. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் அசையாமல் நிற்கும், மேலேயிருந்து பார்த்தால் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மினுக்கும். வாய் மேல்நோக்கி இருக்கும், முதுகு தட்டை. கொசுப்புழுவை இது தின்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதில் நம்ம பக்கம் இரண்டு வகை கண்ணில் படும். உடம்பில் குறுக்குக் கோடு போட்ட பெரிய வகை, அப்லோகைலஸ் லினியேட்டஸ், நாலு அங்குலம் வரை வளரும், வாய்க்குள் அடங்குகிற எந்தச் சின்ன மீனையும் விழுங்கிவிடும். இன்னொன்று அப்லோகைலஸ் பார்வஸ், இரண்டு அங்குலத்துக்குள் நிற்கிற சின்ன வகை. சின்னத் தொட்டிக்கு இரண்டாவதுதான்.

முண்டக்கண்ணி காவல் காக்காது, ஆனால் முட்டையைச் சிதறவும் செய்யாது. தினமும் சில முட்டை என்று பல நாளுக்கு இடும், ஒவ்வொன்றையும் செடியின் வேரிலோ இலையிலோ ஒட்டி வைக்கும். இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பச்சை நிறச் செயற்கைக் கம்பளி நூலை ஒரு சாண் நீளத்தில் வெட்டிக் கத்தையாகக் கட்டி, ஒரு தெர்மாகோல் துண்டில் தொங்கவிட்டு மிதக்க விடுங்கள். சாயம் போகிறவரை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த நூலாக இருக்கட்டும். மீன் அதைச் செடியின் வேர் என்று எடுத்துக்கொள்ளும். சில நாள் கழித்து நூலை வெளியே எடுத்து, பிழிந்து, வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி மணி மாதிரி முட்டைகள் ஒட்டியிருக்கும். விரலால் கிள்ளி எடுக்கலாம், நல்ல முட்டை உடையாது. உடைகிறதும் வெள்ளையாக மங்கியிருக்கிறதும் கருக்கூடாதவை, அவற்றைத் தள்ளிவிடுங்கள், விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். நல்லதை அதே தொட்டித் தண்ணீர் ஊற்றின பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நிழலில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். பாதி நாளுக்கு மேல் ஆனதும் முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண் தெரியும், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் உள்ளே அது புரள்வதும் தெரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை அவசியம் செய்து காட்டுங்கள், ஒரு லென்ஸ் மட்டும் இருந்தால் போதும்.

ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுவது நல்லது, ஒற்றைப் பெண்ணாக இருந்தால் ஆண் விரட்டிக்கொண்டே இருக்கும். மூடியில் விரல் நுழைகிற சந்து இருந்தால்கூட துள்ளி வெளியே விழுந்துவிடும். ஒயர் போகிற ஓட்டையைச் சுற்றிலும் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது செல்லக்காசு. சூடெட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ், கடைக்காரர்கள் ஆரஞ்சு குரோமைடு என்று சொல்வார்கள். கடையில் கிடைக்கிற பளீர் ஆரஞ்சு நிறம் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, நம்ம குளத்து மீன் மஞ்சளாக, பக்கத்தில் கறுப்புப் பொட்டோடு இருக்கும். மூன்று அங்குலம். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சு வளர்க்கிற மீன் இது. ஒரு தட்டைக் கல்லையோ ஓட்டுத் துண்டையோ வாயால் சுத்தம் செய்து அதில் முட்டையை வரிசையாக ஒட்டும், துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிந்ததும் மணலில் தோண்டி வைத்த பள்ளத்துக்குக் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போகும். ஒரே பள்ளத்தில் வைக்காமல் இடம் மாற்றிக்கொண்டும் இருக்கும். நீந்தத் தொடங்கின குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பை உரசி உரசிப் போவதைப் பார்க்கலாம், தோலில் சுரக்கிற பசையை அவை தின்கின்றன. அதனால் இந்த மீனில் மட்டும் பெற்றோரைச் சீக்கிரம் பிரிக்கக் கூடாது.

ஜோடியை நாம் சேர்த்து வைக்க முடியாது. ஐந்தாறு இளம் மீனாக விட்டு, எந்த இரண்டு சேர்ந்து மற்றதை விரட்ட ஆரம்பிக்கிறதோ அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட வேண்டும். இரண்டடித் தொட்டி ஒரு ஜோடிக்குச் சரியாக இருக்கும், கூட வேறு மீன் வேண்டாம். முட்டை வைத்திருக்கிற செல்லக்காசு தன்னைவிடப் பெரிய மீனையும் மூலையில் ஒதுக்கிவிடும்.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீர் எது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடு என்றால் மென்மையான தண்ணீர், ஸ்பைக்டெயிலுக்கும் முண்டக்கண்ணிக்கும் அப்படியே ஒத்துப்போகும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் கரிக்கிற வீடுகள் நிறைய. அங்கே செல்லக்காசைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது உப்பங்கழியிலும் நல்ல தண்ணீரிலும் வாழ்கிற மீன், கடினத் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரை மருந்து போட்டு மாற்றி மீனுக்குப் பொருத்துவதைவிட, குழாயில் வருகிற தண்ணீருக்குப் பொருந்துகிற மீனை எடுப்பது எவ்வளவோ சுலபம். ஆர்ஓ தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றி மீன் வளர்க்காதீர்கள், அதில் தாதுச் சத்தே இருக்காது. டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் ட்ரம்மில் பிடித்துவைத்து, ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

இனி சிதறுகிற கூட்டம். புள்ளி வைத்த பொடிக்கெண்டைகள், மீசைப்பறவை எல்லாம் இதில் வரும். பார்க்கக் கலகலப்பாக இருக்கும், வளர்ப்பதும் சுலபம், ஆனால் பெருக்குவது என்று வரும்போது வேலை கூடிவிடும். காலை வெளிச்சத்தில் செடிக்குள் விரட்டிக்கொண்டே முட்டையைச் சிதறும், சிதறின சூட்டோடு தின்னவும் தொடங்கும். இதற்குத் தனியாக ஒரு டப் வேண்டும், அடியில் கோலிக்குண்டுகளை நெருக்கமாகப் பரப்பி அல்லது கொசுவலையைத் தூக்கிக் கட்டி, முட்டை மட்டும் சந்தில் விழும்படி செய்து, முட்டையிட்டதும் பெரிய மீனை எடுத்துவிட வேண்டும். ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். இதை இரண்டாவது வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அயிரையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு, சட்டிக்குள்தான் நமக்கு அதிகம் தெரியும். மெல்லிய மணல் போட்ட தொட்டியில் நன்றாக வாழும், மண்ணுக்குள் தலையை நுழைத்துச் சலித்துத் தின்பது நல்ல காட்சி, ஆனால் வீட்டில் பெருக்க நினைத்து அதை எடுக்க வேண்டாம். குறவை, விரால் இரண்டும் வேண்டவே வேண்டாம். குளத்தோரம் செக்கச்செவேல் என்று கொத்தாகத் திரிகிற விரால் குஞ்சைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஏராளம், அதைப் பிடித்தால் கொஞ்ச மாதத்தில் தொட்டியில் அது ஒன்றுதான் மிஞ்சும்.

பிடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, வாய்க்காலில் இருப்பதெல்லாம் நாட்டு மீன் கிடையாது. ஊர்ச் சாக்கடையில் திரிகிற கப்பியும், கொசு ஒழிக்க என்று 1928-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த கம்பூசியாவும் வெளிநாட்டுச் சரக்கு. இரண்டும் குட்டி போடுபவை, முட்டையிடாது. முண்டக்கண்ணியோடு இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கம், தலையில் வெள்ளிப் பொட்டு இருக்கிறதா என்று மேலேயிருந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். குளத்தில் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறக் குஞ்சாக மொய்ப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை, அதாவது 1952-இல் வந்த திலேப்பியா. முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கறுப்புப் பொட்டு இருந்தால் அதுதான், செல்லக்காசு என்று நினைத்துக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

எப்போது, எங்கே பிடிப்பது? பிசான நெல் அறுப்பு முடிந்து வாய்க்காலை அடைத்ததும் அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும். சில நாளில் அதுவும் வற்றும், கொக்கும் நாரையும் வந்து நிற்கும், மிச்சம் வெயிலில் காயும். அந்தக் குட்டையில் உள்ள மீனில் நாலைந்தை எடுப்பதால் ஆற்றுக்கு ஒரு குறையும் வராது. ஓடுகிற வாய்க்காலில், அதுவும் புதுத்தண்ணீர் வருகிற நேரத்தில், சினை மீனைப் பிடிப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். கூந்தன்குளம் மாதிரி சரணாலயக் குளங்களிலும் கை வைக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயலில் எடுத்த மீன் இரண்டு நாளில் காரணம் தெரியாமல் சாகும், வயல்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். கொண்டுவந்ததை நேரே தொட்டியில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வையுங்கள். உடம்பில் நூல் மாதிரிப் புழு ஒட்டியிருக்கிறதா, வெள்ளைப்புள்ளி வருகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டியும் அதற்குள் தயாராகியிருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசி அவ்வளவு மோசமில்லை, செடியும் அதை எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்க்கிற நண்பர் வீட்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிப் போட்டால் நாள் குறையும். வேலம்பாசி என்கிற நீர்ச்செடியைக் கத்தை கத்தையாகப் போடுங்கள், செடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குஞ்சு தப்பும்.

நாட்டு மீன்கள் மழையைப் பார்த்து முட்டையிடுகிறவை. தென்மேற்குச் சாரலில் ஆற்றில் தண்ணீர் ஏறி, கார் நெல் பருவத்துக்கு வாய்க்கால் திறந்து, புல் மூடிய ஓரமெல்லாம் நனைகிறபோதும், ஐப்பசி கார்த்திகையில் குளம் நிறைந்து மறுகால் பாய்கிறபோதும் அவற்றுக்கு இனப்பெருக்கக் காலம். புதுத்தண்ணீரில் புழு பூச்சி பெருகும், குஞ்சுக்கு இரை கிடைக்கும், அதுதான் காரணம். வீட்டில் இதையே செய்து காட்டலாம். இரண்டு வாரம் கொசுப்புழு மாதிரி உயிர் இரையாக நன்றாகப் போட்டுவிட்டு, தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் பிடித்துவைத்தது இருந்தால் ரொம்ப நல்லது, கூரை கழுவின முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். வெளியே இடி இடித்து மழை பெய்கிற அன்றைக்கே செய்தால் பெரும்பாலும் பலன் தெரியும்.

பொரித்த பிறகுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்பைக்டெயில் குஞ்சின் வாய் அவ்வளவு சின்னது, பாக்கெட் தீனியை எவ்வளவு பொடித்தாலும் அதனுள் நுழையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தண்ணீர் வேண்டும். மருந்து படாத வைக்கோல் ஒரு கைப்பிடியை ஒரு பாட்டில் தண்ணீரில் ஊறப்போட்டு, தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கலந்து வெளிச்சத்தில் வைத்தால், முதலில் கலங்கி நாறும், சில நாளில் நாற்றம் போய்த் தெளியும். தெளிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள், தூசு மாதிரி எதுவோ நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை சில சொட்டு விடுங்கள். முட்டை இடுவதற்கு முன்னாலேயே இந்தப் பாட்டிலைத் தயார் செய்ய வேண்டும், பொரிந்த பிறகு தேடினால் நேரம் போதாது.

ஒரு வாரம் பத்து நாள் தாண்டினால் ஆர்ட்டீமியாக் குஞ்சு கொடுக்கலாம். தூத்துக்குடி உப்பளத்து உவர்நீரில் தானாகவே வாழ்கிற சின்ன இறால் இனம்தான் ஆர்ட்டீமியா, அதன் காய்ந்த முட்டை மீன் கடையில் டப்பாவாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்புப் போட்டு, காற்று ஓடவிட்டால் ஒரு நாளில் பொரியும், ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக வெளிச்சத்துப் பக்கம் கூடும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உப்பியிருந்தால் தின்றிருக்கிறது என்று அர்த்தம், இதைவிட நிச்சயமான அடையாளம் வேறு கிடையாது. செல்லக்காசுக் குஞ்சும் பெரிய முண்டக்கண்ணிக் குஞ்சும் நீந்த ஆரம்பித்ததுமே இதைத் தின்னும்.

குஞ்சு நிறைய வந்துவிட்டால் என்ன செய்வது? ஒன்று மட்டும் செய்யக் கூடாது, ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடக் கூடாது. நம்ம ஊர் மீன்தானே, அங்கேயிருந்து வந்ததுதானே என்று தோன்றும், நல்ல எண்ணத்தில்தான் பலரும் செய்கிறார்கள். ஆனால் தொட்டியில் பிற மீனோடும் கடைத் தீனியோடும் பழகின மீனோடு நோயும் சேர்ந்து போகும், எந்த வாய்க்காலில் பிடித்தது எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்ற கணக்கும் தவறிவிடும். வெளிநாட்டு மீன் வளர்க்கிறவர்கள் விட்ட டேங்க் கிளீனர் மீன் இன்றைக்குத் தமிழ்நாட்டின் எத்தனையோ நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. அதனால் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் தாண்டியதும் பெரிதையும் சிறிதையும் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பெரியது சிறியதைத் தின்னும். ஒரு அங்குலம் ஆனதும் வளர்க்க ஆசைப்படுகிற வீடுகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது கொஞ்சம் வேலம்பாசியையும், ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்சையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் நாலு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.